பத்தாயிரத்தொன்று

வலியசாலையிலிருந்து எங்கே பஸ் ஏறினாலும் எனக்கும் அக்காவுக்கும் ஜன்னல் சீட்டுக்காகச் சண்டை வரும். அதை ஒழிக்க நாங்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். டிக்கெட்டின் எண் எதனாலும் வகுபடாத பகா எண்ணாக இருந்தால் ஜன்னல் எனக்கு, வகுபட்டால் அக்காவுக்கு. யாருக்கும் மசியாத அந்த எண்கள் மேல் எனக்கு அப்படியொரு மோகம். அவை எவ்வளவு அபூர்வம் என்பது தெரியாமல் கையெழுத்துப் போட்டவள் மாதிரி, ஊரெல்லாம் நடுவில் உட்கார்ந்தே சுற்றினேன்.

ஒரு விடுமுறையில் மாமா எங்களைப் பொன்முடி மலைக்குக் கூட்டிப்போனார். அவர் டியூஷன் சென்டரில் கணக்கு வாத்தியார். எங்களைப் போலவே அவரும் அதுவரை பொன்முடியைப் பார்த்ததில்லை.

மூவருக்கும் சேர்த்துக் கண்டக்டர் கிழித்துத் தந்த டிக்கெட்டில் 10001 என்று இருந்தது. மாமா அதைப் பார்த்துத் தனக்குள் சிரித்தார். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது எனக்கு, இது பகா எண்தான். கொண்டையூசி வளைவுகள் அத்தனையும் என்னுடையவை! சந்தோஷத்தில் நான் ஜன்னலுக்குப் பாய, அக்கா என் பின்னலைப் பிடித்து இழுத்தாள்.

"ரெண்டு பேரும் நில்லுங்கோ. கேஸ் தீர்ற வரைக்கும் சீட்டு கோர்ட் வசம், கேட்டோ" என்று சொல்லி மாமா ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

நியாயமாகத்தான் பட்டது. நாங்கள் மனக்கணக்கில் இறங்கினோம். நூறுக்குள் இருக்கும் பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் என்று அக்காவுக்கு வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மூன்று, ஏழு, பதினொன்று, பதிமூன்று எதற்கும் அது மசியவில்லை. வளைவுகள் தொடங்கியபோது முப்பத்தேழால் வகுபடுகிறது என்று அக்கா கூவினாள். பதினொன்று மிச்சம் வருகிறது என்று நான் மடக்கினேன். பஸ் வளையும்போதெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, ஒருவர் கணக்கை ஒருவர் கலைத்தோம்.

"ஐயோ, என்ன மஞ்சு, ஒரே பனி! தேயிலைத் தோட்டமே காணலை!" என்றார் மாமா, தலையை வெளியே நீட்டாத குறையாக.

"கணக்கு தப்பறது மாமா, சும்மா இருங்கோளேன்" என்று அதட்டினேன்.

எழுபத்தொன்றும் தோற்றது. மீதி இருந்தவை சில எண்கள்தான். உச்சியில் பஸ் நின்று எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தபோது அக்கா அலறினாள்: "எழுபத்திமூணு! நூத்திமுப்பத்தேழு தடவை!"

மாமா எழுந்து நின்று, தீர்ப்பு சொல்லும் முகத்துடன் சீட்டை அவளிடம் ஒப்படைத்தார். காலி பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு நிமிடம் என்னைக் கர்வமாகப் பார்த்தாள். எனக்கு அழுகை முட்டியது. கீழே இறங்கிப் பனிமூட்டத்துக்குள் இருவரும் கத்திக்கொண்டு ஓடியதில் அது போன இடம் தெரியவில்லை.

சாயங்காலம் பஸ் ஏறும்போது எங்களுக்கு மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வழியெல்லாம் எங்கள் வழக்கைச் சுமந்தவர் அல்லவா?

"இந்தத் தடவை கேஸ் வேண்டாம் மாமா. நீங்களே ஜன்னல்ல உக்காருங்கோ" என்றாள் அக்கா.

"வேண்டாம்னா விடவா போறேள்?" என்று பெருமூச்சு விட்டு மாமா உட்கார்ந்தார்.

கணக்கு வாத்தியார் ஒருவர் மலையேறிய நேரம் முழுதும் பக்கத்தில் இருந்தும் எங்களுக்கு ஒரு வகுத்தல்கூடச் சொல்லித் தரவில்லையே என்று எங்களுக்கு உறைக்கவில்லை. நடுவர் என்றால் இப்படித்தான் பாரபட்சமில்லாமல் இருக்க வேண்டும் என்று, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே மனதாகப் பேசிக்கொண்டு நானும் அக்காவும் மலையிறங்கினோம்.