நான் நடக்காத ஏரிச் சுற்று

பதினைந்து மைல் சுற்றளவுள்ள ஒரு நடைபாதையை நான் கண்டுபிடித்திருக்கிறேன். கண்டுபிடித்த சமயத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. காக்ஸ் டவுனில் வீடு. லேஅவுட் வரைபடங்கள் போடும் ஆபீஸ் ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. பெங்களூரைச் சுற்றியிருந்த ஏரிகளெல்லாம் எனக்கு விளிம்போடு அத்துப்படி. எது அவரைக்காய் மாதிரி வளைந்திருக்கும், எது பிய்த்த தோசை மாதிரி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவேன். ஆனால் ஒன்றில்கூட தண்ணீரைப் பார்த்ததில்லை. கல்கெரே ஏரி என்றால் எனக்கு இரண்டு நாள் நீல மை வேலை, அவ்வளவுதான்.

அந்த வருஷம் எனக்குச் சர்க்கரை வந்தது. தெருமுனை டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் நடக்கச் சொன்னார். தினமும் முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமையாவது நிறைய நடக்க வேண்டும் என்றார். நடப்பது எனக்குப் பிடிக்காது என்று சொல்ல மாட்டேன். அபிப்பிராயம் சொல்லும் அளவுக்கு எனக்கும் அதற்கும் பழக்கமில்லை.

என் மனைவி மூன்றாம் வகுப்பு டீச்சர். எங்கே நடக்கப்போகிறேன், எவ்வளவு தூரம், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று கேட்டாள். வீட்டுப்பாடம் செய்யாத பையன் போல முழிக்க எனக்கு மனமில்லை. வீணாய்ப் போன ஒரு பிரிண்டின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டேன். வீட்டில் தொடங்கி பானஸ்வாடி, ஹொரமாவு, கல்கெரே ஏரி, ராம்புரா ஏரி, ஹென்னூர், நாகவாரா ஏரி, லிங்கராஜபுரம், மறுபடி வீடு. காகிதத்தில் ஒரு ஜாண்கூட வரவில்லை. ரொம்ப அழகாயிருக்கு என்று சொல்லி, அதைச் சமையலறையில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தாள்.

முதல் ஞாயிறு, மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததும் நான் நல்ல எண்ணத்தோடுதான் கிளம்பினேன். பானஸ்வாடி வரைக்கும் அந்த எண்ணம் கூடவே வந்தது. அங்கே ஒரு சலூனில் மூன்று தமிழ்ப் பேப்பர்கள் வாங்குவார்கள். பேப்பர் படித்து முடித்ததும் பக்கத்து ஓட்டலில் போண்டா தயாராகிவிட்டது. போண்டாவுக்குப் பிறகு ரயில்வே ஸ்டேஷனில் ஒரு சிமெண்ட் பெஞ்ச், மேலே புங்கமர நிழல். அந்த ஸ்டேஷனில் அப்போதெல்லாம் ரயில்கள்கூட யாரையும் எழுப்பாமல்தான் போகும். கண் விழித்தபோது மணி பன்னிரண்டு. குழாயில் சட்டையை நனைத்துக்கொண்டேன். ஷூவில் செம்மண்ணை அள்ளித் தேய்த்தேன். வீட்டுக்குப் போய், "அப்பாடா" என்று விழுந்தேன்.

இப்படிப் பதினோரு ஞாயிறு. ஒவ்வொரு வாரமும் மனைவி வெந்நீர் வைத்துக் கொடுத்து, என் காலை மடியில் போட்டு அமுக்கிவிட்டாள். சும்மா அமுக்கவிட மனசு கேட்கவில்லை, கைம்மாறாகக் கதை சொன்னேன். கல்கெரேயில் கூழைக்கடாக்கள் வந்து இறங்குகிற அழகு. கல்கெரேக்கும் ராம்புராவுக்கும் நடுவில் ஒரு பழைய கல்பாலம், அதில் நின்றால் வீசுகிற காற்று. பாலம் எதற்கென்று கேட்காதீர்கள். கதைக்கு அந்த இடத்தில் ஒன்று தேவைப்பட்டது.

சர்க்கரைக்கு மட்டும் கதை கேட்கிற பழக்கமில்லை. அது பாட்டுக்கு ஏறியது. டாக்டரம்மா ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாரத்துக்குப் பதினைந்து மைல் நடந்துமா இப்படி என்று நெற்றியைச் சுருக்கினார். இனி ஊசிதான், அதற்கு முன்னால் உள்ளே வேறு ஏதாவது பெரிய கோளாறு இருக்கிறதா என்று பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிடலாம் என்றார். மனைவியின் முகம் சாக்பீஸ் நிறத்துக்குப் போய்விட்டது. உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நடக்கிறார் டாக்டர். இவர் வேடிக்கையாப் பேசுவாரே தவிர, பொய் சொல்ற ஆளில்ல."

எடுத்த வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அது. அதை அந்த இடத்திலேயே கிழிக்கத் தைரியம் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை கோயிலில் நவநாள் ஜெபம். எங்களவர்கள் வேண்டுதலைத் துண்டுச் சீட்டில் எழுதி மாதா பீடத்துப் பெட்டியில் போடுவார்கள். மனைவி ரொம்ப நேரம் எழுதினாள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது சொன்னாள். எனக்கு ஒன்றும் இருக்கக்கூடாது என்று நேர்ந்துகொண்டாளாம். ஒன்பது ஞாயிறு என்னோடு சேர்ந்து அந்தச் சுற்றை முழுசாக நடப்பதாக மாதாவுக்கு வாக்குக் கொடுத்தாளாம். எங்கள் பக்கம் நேர்ச்சை என்றால் விளையாட்டில்லை. வாயால் சொன்னதையே மீற மாட்டார்கள், இவள் எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆபீஸ் பென்சிலால் நான் போட்ட ஒரு கோட்டின் மேல் மாதாவுக்கு ஒரு நேர்ச்சை உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலை பள்ளிக்கூட டிரில்லுக்குப் போடும் வெள்ளைக் கான்வாஸ் ஷூவும் குடையுமாக அவள் தயார். பானஸ்வாடியைக் கடக்கும்போது சலூன்காரர் என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் பேப்பரை நீட்டினார். நான் வானத்தை ஆராய்ந்தேன்.

"உங்களைத் தெரியுமா அவருக்கு?"

"நடக்கிறவங்களை ஊருக்கே தெரியும், டீச்சர்."

ஹொரமாவைத் தாண்டியதும் வீடுகள் நின்றுபோயின. ராகி வயல், தைலமரத் தோப்பு, மாட்டுவண்டித் தடம். என் காலுக்குக் கீழே இருந்ததெல்லாம் எனக்குப் புதிது. முகத்தை மட்டும் பழகிய முகமாக வைத்துக்கொண்டேன். கரைமேல் ஏறினோம். அங்கே கல்கெரே ஏரி.

நான் மை போட்ட அந்த நீலம் அங்கே எங்குமே இல்லை. கரையோரம் பாசிப்பச்சை, நடுவில் ஈயம், தூரத்தில் வெயில் பட்ட இடம் வெறும் வெள்ளை. நான் வாராவாரம் இறக்கிய கூழைக்கடாக்களில் ஒன்றுகூட வரவில்லை. சொல்லாமல் விட்ட நாமக்கோழிகள் நூறு, நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு மிதந்தன. இவ்வளவு பெரிதா என்று என் வாயில் வந்துவிட்டது. நல்லவேளை, காற்றில் அவளுக்குக் கேட்கவில்லை.

கரை முடிந்த இடத்தில் கோரைப்புல். அதற்கப்பால் சேறு.

"பாலம் எங்கங்க?" என்றாள்.

"போன வாரம் இங்கதான் இருந்துச்சு."

ஏரியில் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை அவளே கூப்பிட்டு, கன்னடத்தில் கல்பாலத்துக்கு வழி கேட்டாள். அவர் எருமை முதுகை வைக்கோலால் தேய்ப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். "ஈ கெரேகே சேதுவேனா?" இந்த ஏரிக்குப் பாலமா என்று எருமையிடமே கேட்பது போலக் கேட்டார். பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறாராம், அப்படி ஒன்றைக் கண்டதில்லையாம்.

மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். மனைவி கோபப்படுவாள், ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயில் ஒன்றைத் தயார் செய்தும் வைத்தேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. குடையை மடக்கிக் கரைமேல் உட்கார்ந்தாள். என்னையும் கையைப் பிடித்து எதிரில் உட்காரவைத்தாள்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"ஞாயிறு."

"நம்ம கல்யாணம் எந்தக் கோயில்ல நடந்துச்சு?"

சொன்னேன்.

"என் தங்கச்சிக்கு எத்தனை பிள்ளைங்க?"

அதையும் சொன்னேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தாள். 

"சர்க்கரை தலைக்கு ஏறினா ஞாபகம் தப்பும்னு ஸ்டாஃப் ரூம்ல சொன்னாங்க. நான் நம்பலை. பதினோரு தடவை வந்த இடத்துல இல்லாத பாலத்தைத் தேடறீங்களே..."

சர்க்கரை ஏற ஏற, அவள் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, நான் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருப்பதாக நினைத்துப் பயந்திருக்கிறாள். நான் நன்றாகத் தூங்கியிருக்கிறேன், பெஞ்சிலும் வீட்டிலும்.

"நான் இங்க வந்ததே இல்லை," என்றேன். "இதுதான் முதல் தடவை."

எல்லாவற்றையும் சொன்னேன். சலூன், போண்டா, பெஞ்ச், குழாய், செம்மண். எருமைக்காரர் தமிழ் புரியாவிட்டாலும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

 முடித்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்போ உடம்புக்கு வேற ஒண்ணும் இல்லையே?"

"சோம்பேறித்தனம் மட்டும்தான்."

"மாதாவே" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். முந்தானையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரும் இருந்தது. இரண்டும் சேர்ந்தாற்போல நின்றுபோயின. அதன் பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"பதினோரு வாரம் உங்க காலை அமுக்கிவிட்டேனே."

குனிந்து அவளுடைய கான்வாஸ் ஷூவில் ஒட்டியிருந்த சேற்றைக் கையால் துடைத்தேன். 

கடைசியில், வீட்டுக்குத் திரும்பிவிடலாம், சுற்றே பொய் என்பதால் நேர்ச்சை செல்லாது, வேண்டுமானால் சாமியாரைக் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு சட்டம் பேசினேன். அவள் எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"பொய் சொன்னது நீங்க. நேர்ந்துகிட்டது நான். ரெண்டையும் குழப்பாதீங்க. நடங்க."

வழியே இல்லையே என்றேன். இருந்தது. அதை என் வரைபடம் சொல்லவில்லை, எருமைக்காரர் சொன்னார். எருமைகளை ஓட்டிக்கொண்டு ஏரிக்கோடி வரைக்கும் கூடவே வந்து, தண்ணீர் வழிகிற கல்லைத் தாண்டவைத்து, ராகி வயல் வரப்பில் விட்டுவிட்டுப் போனார். ராம்புரா பக்கம் ஒரு கொய்யாத் தோட்டத்தில் ஓர் அம்மாள் எங்களை நிறுத்தித் தண்ணீர் கொடுத்தார், உப்பு மிளகாய்த்தூள் தூவிய கொய்யாவும் கொடுத்தார். எனக்கு வந்ததில் பாதியை டீச்சர் பறிமுதல் செய்தாள். யாரையும் எங்களுக்கு முன்பின் தெரியாது. காகிதத்தில் இரண்டு ஏரிகளுக்கு நடுவே நான் வெறுமையாக விட்டிருந்த இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் இருந்து வழி காட்டினார். இன்றைக்கும் அவர்களை நினைத்தால் கை தன்னால் கூப்பிக்கொள்ளும்.

ஹென்னூரில் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. சிவாஜிநகர், சிவாஜிநகர் என்று கண்டக்டர் என் பலவீனத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தேன். அவள் குடையோடு நாகவாரா ரோட்டில் ஒரு பர்லாங் போய்விட்டிருந்தாள். ஓடினேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் ஓடியது அதுவே முதல் தடவை.

வீட்டுக்கு வரும்போது நாலரை மணி. புதன்கிழமை வரைக்கும் அவள் என்னோடு பேசவில்லை. புதன்கிழமை ராத்திரி சாப்பாடு போடும்போது, ஞாயிற்றுக்கிழமை கோடிக்கல் வழுக்கும், வேற ஷூ வாங்கிக்குங்க என்றாள். வாங்கிக்கொண்டேன்.

மழை, வெயில், ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாள், எல்லாவற்றிலும் நடந்தோம். நடுவில் ஒருநாள் ராம்புராவில் கூழைக்கடா நிஜமாகவே வந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மனைவி டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கியிருந்த ஒன்பது வாரத் தவணை முடிந்ததும், அவர் ரிப்போர்ட்டைப் பார்த்து, ஊசி வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரியும் வேண்டாம் என்றார். என்ன மாற்றினீர்கள் என்று ஆச்சரியமாகக் கேட்டார். நான் கைவிரலைப் பார்த்தேன். மனைவி நிதானமாக, "கொஞ்சம் வேகமா நடக்கிறார் டாக்டர்" என்றாள். எனக்காக அவள் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு பூசையிலிருந்து வந்து நான் கட்டிலில் நீட்டிப் படுத்தேன். நேர்ச்சை முடிந்தது, மாதாவுக்கும் எங்களுக்கும் பாக்கியில்லை என்று நிம்மதி. வாசலில் கான்வாஸ் ஷூவின் சத்தம்.

"ஒன்பதுதான் முடிஞ்சிடுச்சே?" என்றேன்.

"அது மாதாவுக்கு. இது எனக்கு. வர்றீங்களா, தனியாப் போகட்டுமா?"

தனியாகப் போனால் கோடிக்கல்லில் யார் அவள் கையைப் பிடிப்பது? அப்படித்தான் அவளிடம் சொன்னேன். உண்மையில் அங்கே வழுக்கி விழுகிறவன் நான். அவளும் அதைச் சொல்லிக்காட்டாமல், நான் ஷூ கயிற்றைக் கட்டி முடிக்கிற வரைக்கும் வாசல் கேட் பக்கத்தில் நின்றாள்.