காபூலில் ஆட்சி மாறிய வருடம்

மன்னாரிலிருந்து இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்த அகஸ்ரீனா, கணவன் யாக்கோபுவோடு அல்பெர்கேரியாப் பகுதியில் ஓர் அறை வீட்டில் இருந்தாள். வியா மக்வேதா வீதியில், சிஞ்ஞோரா என்று அவள் அழைக்கும் ஓர் இத்தாலிய அம்மாவின் வீட்டில் அவளுக்கு வேலை. யாக்கோபு உணவகத்தில் கோப்பை கழுவினான். அங்கே பழகியவர்களால் ஹெரோயின் பழக்கம் அவனைப் பிடித்துக்கொண்டது. அழுதும் ஏசியும் அவளுக்கு அலுத்துவிட்டது.

1996 செப்டம்பர் முடிவில், தலிபான் காபூலைப் பிடித்ததாகத் தொலைக்காட்சி சொன்னது. யாக்கோபு துள்ளி எழுந்தான்.

"பாத்தீரே! அவங்கள் கடும் மதக்காரர். அங்கை அபின் செய்ய விடமாட்டாங்கள்; அபின் இல்லாமல் ஹெரோயின் ஏது? இஞ்சை சாமான் வராது. வராட்டி நான் என்னெண்டு எடுக்கிறது? தானா நிண்டிடும். வைத்தியம் ஒண்டும் வேண்டாம்."

அகஸ்ரீனாவுக்கும் நம்ப ஆசைதான். ஆனாலும் மறுநாள் சிஞ்ஞோராவிடம் கேட்டாள். அவர் பல்கலைக்கழகத்தில் விவசாயப் பொருளாதாரம் கற்பிப்பவர். யாருக்காகக் கேட்கிறாள் என்பதையும் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். சிஞ்ஞோரா அவளை உட்காரவைத்தார்.

"புதிதாக வந்த அரசுக்குப் போர் நடத்த வரி வேண்டும். அபின் வரி தரும். விளையும் முன்பே வியாபாரி விவசாயிக்கு முன்பணம் கொடுக்கிறான்; கோதுமைக்கு யார் கொடுப்பார்கள்? இப்போதைக்குக் குறையாது, கூடவும் கூடும். பிறகு ஒருநாள் அவர்களே தடுக்கலாம், அதை நான் அறியேன். அதுவரை உன் கணவன் உயிரோடு இருக்க வேண்டுமே."

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்த அகஸ்ரீனா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இஞ்சருங்கோ, அங்கை ஆர் ஆண்டாலும் அது வந்துகொண்டுதான் இருக்கும். பக்கத்து ஊர் பகேரியாவிலை இந்தப் பழக்கத்தைச் சுகப்படுத்திற இடம் ஒண்டு இருக்காம். சிஞ்ஞோரா கதைச்சிட்டா. திங்கக்கிழமை போறம்."

"நான் வரேல்லை எண்டால்?"

"உங்களை விட்டிட்டு நான் தனியப் போயிடுவன்."

சொன்ன பிறகுதான், அது மெய்யென்று அவளுக்கே தெரிந்தது. யாக்கோபு எழுந்து தொலைக்காட்சியை அணைத்தான். "ஓம், வாறன்" என்றான்.

சுகப்படுத்தும் இடத்திலிருந்து ஒருமுறை வீட்டுக்கு ஓடிவந்தான். அவள் கதவைத் திறக்கவில்லை; உள்ளே நின்று அழுதாள். அவனாகவே திரும்பிப் போனான். முழுதாய்த் தேறி வர ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. பிறகு பாண் சுடும் வெதுப்பகம் ஒன்றில் வேலை கிடைத்தது.

1999இல், ஆப்கானில் அந்த முறை அபின் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு விளைந்ததாகச் செய்தி வந்தது. யாக்கோபு அவள் பக்கம் திரும்பினான்.

"நான் அது தானா நிக்கும் எண்டு பாத்துக்கொண்டு இருந்திருந்தால்..."

"இருக்கேல்லைத்தானே" என்றாள்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து இருவரும் கடற்கரைக்குப் பஸ் ஏறினார்கள். முன்பெல்லாம் அவனிடமிருந்து ஒளித்துவைத்த தன் கைப்பையை அவன் மடியில் போட்டுவிட்டு, ஜன்னலில் தலை சாய்த்து, கடல் வரும்வரை அகஸ்ரீனா நன்றாகத் தூங்கினாள்.