செபஸ்தியாரின் காயங்களைத் துடைத்தவர்

வெளிநாட்டில் நாங்கள் குடியேறியிருக்கும் டூங்கபியில், எங்கள் கோயிலில் செபஸ்தியார் திருவிழாவுக்கு முந்தின நாள் ஓர் அம்மாவைப் பார்த்தேன். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து, சீருடையோடு நேரே வந்திருந்தார். கண்களுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. சிலையில் அம்பு தைத்த இடங்களை, அதற்கு வலிக்கும் என்பதுபோல ஈரத்துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தார். மற்ற இடங்களை அப்படித் துடைக்கவில்லை.

நான் பூ கட்டிக்கொண்டே, “அம்பு பட்டும் பிழைச்சு, மறுபடியும் ரோம ராஜா முன்னாடி போய் நின்னு உயிரைக் கொடுத்தாரே. என்ன தைரியம், ஆன்ட்டி” என்றேன்.

“ஓம் பிள்ளை. அவரைத் தன்ரை வீட்டை கொண்டுபோய், மருந்து கட்டி எழுப்பிவிட்ட ஐரீனை நினைச்சுப் பாத்தனீங்களோ?”

பூ கட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன்.

“என்ரை மகனும் காயத்தோடை வீட்டை வந்தவன். பக்கத்திலையே இருந்து பாத்தனான். நடக்கத் தொடங்கினதும் திரும்பவும் சண்டைக்குப் போயிட்டான்.”

“அப்புறம்?”

“பிறகு ஒண்டுமில்லை, பிள்ளை.”

துணியைப் பிழிந்து வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

என் மகனுக்குத் தைரியத்தைக் கொடும் என்று செபஸ்தியாரிடம் கேட்பதுதான் என் வழக்கம். இப்போதெல்லாம் அந்த அம்மாவின் முகம் குறுக்கே வருகிறது. என்ன கேட்பதென்று தெரியாமல் நிற்கிறேன்.