வாயால் ஒப்படைத்த ஷிஃப்ட்

புதிதாக லைன் லீடர் ஆகிறவர்களுக்குப் படித்துக் காட்ட என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். என்னை நல்லவளாகக் காட்டும் சம்பவங்கள் நிறைய உண்டு. அதையெல்லாம் விட்டுவிட்டு, நான் வயிறெரிந்த கதையைச் சொல்கிறேன். அதில்தான் உங்களுக்கு உபயோகம் இருக்கிறது.

1. நாலாம் நம்பர் மெஷின்

எனக்குச் சொந்த ஊர் சேரப்பணஞ்சேரி. ஒரகடத்தில் கார்களுக்கு வயரிங் செய்து கொடுக்கும் கம்பெனியில் கிரிம்பிங் செக்‌ஷன் லைன் லீடராக இருந்தேன். வயர் முனையில் சின்ன உலோக டெர்மினலை வைத்து அழுத்தி இறுக்குவதுதான் கிரிம்பிங். இறுக்கம் குறைந்தால் டெர்மினல் கழன்று வரும். அதிகமானால் உள்ளே கம்பி அறுந்துவிடும். ஒரு வயருக்கு வைத்த செட்டிங் இன்னொரு வயருக்கு ஆகாது.

அன்றைக்கு மதியம் ஒன்றரை மணிக்கு அவசரமாக ஒரு தடித்த வயர் வேலை வந்தது. நாலாம் நம்பர் மெஷினில் செட்டிங்கை மாற்றி முடித்துக் கொடுத்தேன். பழைய வயரைத் திரும்ப மாட்டினேன். செட்டிங்கைத் திரும்ப மாற்றவில்லை. இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும், "நாலாம் நம்பரைப் பாத்துக்கோங்க" என்று யாருக்கோ கையை ஆட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன். என் பழக்கமே அதுதான். எல்லாவற்றையும் வாயால் சொல்வேன். கேட்டார்களா என்று நின்று பார்க்க மாட்டேன். ஷிஃப்ட் புக்கில் ஒரு கையெழுத்து மட்டும் இருக்கும்.

அடுத்த ஷிஃப்ட் லீடர் முத்துலட்சுமி. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் இருந்தாள். நான் சேர்ந்து ஏழு வருஷம் கழித்து டிரெய்னியாக வந்தவள். டெர்மினலை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்ததே நான்தான். அன்று நாலு மணிக்கு அவள் ஒரு வயரை இழுத்துப் பார்த்தபோது டெர்மினல் கையோடு வந்துவிட்டது. இரண்டு மணி நேரம் ஓடிய வேலை அத்தனையும் குப்பை.

மறுநாள் மேனேஜர் கோபி சார் இரண்டு ஷிஃப்ட்டையும் கூப்பிட்டு நிறுத்தினார். முத்துலட்சுமியின் நோட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இதைப் பாரு செல்வி. மணி போட்டு, மெஷின் போட்டு, அளவு போட்டு எழுதிகீறா. உன்கிட்ட இன்னா கீது? ஒரு கையெழுத்து."

நோட்டில் கடைசியாக ஒரு வரி இருந்தது. 'ஷிஃப்ட் மாறும்போது தகவல் தரப்படவில்லை.' அச்சடித்தது போன்ற எழுத்து. அது உண்மை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

2. பதினோரு நாள்

அதற்குப் பிறகு அவளைத் தவிர வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. கோபி சார் ஒரு நாளைக்கு எத்தனை முறை "முத்துலட்சுமி" என்கிறார் என்று எண்ண ஆரம்பித்தேன். கேன்டீனில் அவள் உட்கார்ந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போனேன். அவள் இல்லாத நேரத்தில் அந்த நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். குறையே இல்லை. கடைசியில் 'சுத்தியல்' என்பதை 'சுத்தியள்' என்று எழுதியிருந்தாள். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம். வீட்டில் என் கணவரிடம்கூடச் சொன்னேன். "இதுக்கா இப்படிச் சிரிக்கிற?" என்று அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். அவளைப் போலவே ஆகிவிட்டால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. சிங்கப்பெருமாள் கோவில் கடைவீதியில் அதே மாதிரி நோட்டு, நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று வாங்கினேன். அவள் லைனில் பேசமாட்டாள். நானும் பேச்சை நிறுத்தினேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மணிக்கொரு தடவை எழுதினேன்.

மூன்றாம் நாளே கஸ்தூரி கேட்டாள். கஸ்தூரி இரண்டாம் நம்பர் மெஷின் ஆபரேட்டர், குன்றத்தூரிலிருந்து வருகிறவள்.

"இன்னாக்கா, வூட்ல எதுனா சண்டையா? ஊமையா சுத்திகினு கீறே?"

"வேலையைப் பாரு" என்றேன்.

பதினோரு நாள் அப்படி ஓடியது. பன்னிரண்டாம் நாள் குவாலிட்டி ஆட்கள் வந்து இரண்டாம் நம்பர் மெஷினை நிறுத்தினார்கள். உள்ளே அழுத்தும் பாகத்தில் ஒரு முனை உடைந்து, காலையிலிருந்து டெர்மினல் எல்லாம் கோணலாக விழுந்திருந்தது. கோபி சார் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். எட்டு மணி, சரி. ஒன்பது மணி, சரி. பத்து மணி, சரி. அழகான எழுத்து.

"இவ்ளோ அழகா பொய் எழுதுறதுக்கு நீ பழைய மாதிரியே இருந்திருக்கலாம்" என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

நான் கஸ்தூரியிடம் போய் எரிந்து விழுந்தேன். "மெஷின்ல சத்தம் மாறியிருக்குமே, உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சிதுக்கா. காலைலேர்ந்தே ஒரு மாதிரி நறநறன்னுகினு இருந்துச்சி."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? முன்னெல்லாம் நீ வந்து, 'இன்னாடி, இட்லியா தோசையா'ன்னு கேப்பே. அப்படியே மெஷின் கதையும் சொல்லுவோம். இப்போ குனிஞ்ச தலை நிமிராம எழுதிகினு போறே. நீ எழுதிகினே வந்தா நாங்க எப்படிக்கா பேசறது?"

எந்த மெஷின் எப்படி இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் இந்தப் பெண்களின் வாயிலிருந்துதான் தெரிந்தது. முத்துலட்சுமி ஆகவேண்டும் என்று அதைத்தான் முதலில் நிறுத்தியிருக்கிறேன். என்னிடம் மாறவேண்டியது பேச்சு அல்ல. பேசிவிட்டு ஓடுவது.

3. இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால்

மறுநாள் முத்துலட்சுமி லைனுக்குள் வந்ததும் அவள் கையைப் பிடித்து ஒன்றாம் நம்பர் மெஷின் முன்னால் நிறுத்தினேன். "நான் சொல்றதைக் கேட்டுட்டு, திரும்ப என்கிட்ட சொல்லு" என்றேன். மிரண்டுபோனாள்.

"எனக்குச் சத்தமாப் பேச வராதேக்கா."

"மெதுவாவே சொல்லு. ஆனா சொல்லு. சொல்லாம நான் பஸ் ஏறமாட்டேன்."

மெஷின் மெஷினாக நடந்தோம். ஆபரேட்டரும் நடுவில் புகுந்து சொல்வாள். பேசி முடித்த உடனே, அங்கேயே நின்றபடி, பேசிய வார்த்தையையே புக்கில் கிறுக்குவேன். 'மூணாம் நம்பர் காலைலேர்ந்து முனகுது. கண்ணு வை.' கோபி சார் அதைப் படித்துவிட்டு, "இன்னாம்மா, தங்கச்சிக்கு லெட்டரா?" என்றார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. முதல் வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் போனேன். கணவரிடம் திட்டு வாங்கினேன். பிறகு அந்தப் பத்து நிமிஷம் பழகிவிட்டது. நாலாம் நம்பரில் நடந்தது போல் எந்த மெஷினிலும் மறுபடி நடக்கவில்லை.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அடுத்த வருஷம் ஷிஃப்ட் இன்சார்ஜ் பதவி முத்துலட்சுமிக்குப் போனது. அவள் டிப்ளமோ முடித்திருந்தாள், நான் முடிக்கவில்லை. நியாயம்தான். ஆனாலும் கைகொடுத்துவிட்டு நேரே பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினேன்.

அதைவிடப் பெரிய எரிச்சல் ஒரு மாதம் கழித்து வந்தது. எல்லா லைனிலும் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஷிஃப்ட் மாறும்போது இரண்டு லீடரும் மெஷின் மெஷினாக நடக்கவேண்டும், கேட்டதைத் திருப்பிச் சொல்லவேண்டும், நின்ற இடத்திலேயே எழுதவேண்டும். வரிக்கு வரி நான் செய்தது. கீழே, 'தயாரித்தவர்: முத்துலட்சுமி'.

பழைய செல்வியாக இருந்தால் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு அவளிடம் மட்டும் பேசாமல் இருந்திருப்பேன். இப்போது நேராக அவள் மேஜைக்குப் போனேன்.

"இன்னா மேடம், என் வேலைக்கு உன் பேரா?"

அவள் எழுந்து நின்றாள். முகம் சிவந்துவிட்டது.

"எழுதுனது நான்தானக்கா. செஞ்சது நீங்க. செஞ்சவுங்க பேரைப் போட அந்த ஃபார்ம்ல கட்டமே இல்ல. நானும் தேடிப் பாத்தேன்."

"கட்டம் இல்லன்னா போடு. நீதான் ஸ்கேல் வெச்சிகினு கீறியே."

அவள் உட்கார்ந்து, மேஜையில் இருந்த அசல் தாளின் அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டாள். உள்ளே அந்த அச்சு எழுத்தில் எழுதினாள். 'வழக்கம்: சேரப்பணஞ்சேரி செல்வி.' ஊர்ப்பெயரை நான் கேட்கவில்லை. அவளாகவே சேர்த்தாள்.

அவள் இப்போது வேறு கம்பெனியில் மேனேஜர். நான் இங்கேயே பயிற்சி அறையில் இருக்கிறேன். அவள் பெயரைக் கேட்டால் இன்றும் உள்ளே லேசாக ஒரு சுருக் வரும். அதை மறைக்கப் போவதில்லை. எனக்கு என்ன குறை என்று அந்தச் சுருக்தான் எனக்குக் காட்டியது. ஆனால் அந்தக் குறையைச் சரிசெய்ய இன்னொருத்தியின் நோட்டை வாங்கி வந்தேன் பாருங்கள், அதுதான் என் தப்பு. உங்களிடமும் மாற்றவேண்டிய பழக்கம் ஒன்று இருக்கும். மாற்றுங்கள். வாயாடி வாயாடியாகவே இருந்துகொண்டு மாறலாம். ஊமையாக ஆகவேண்டியதில்லை.