அளவெடுக்கப் போன அன்று குடித்த இஞ்சித் தேத்தண்ணி

எனக்குக் கோபம் வந்தால் நெஞ்சு வலிக்கும்; நெஞ்சு வலித்தால் கோபம் வரும். இதில் எது முதலில் வருகிறது என்று கேட்ட டொக்டரிடமும் கோபப்பட்டேன். அந்த மனிதர் சிரித்துவிட்டுப் படம் எடுத்துப் பார்த்தார். இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாய் ஒன்றில் ஓர் ஒடுக்கம். ஆனால் படம் முழுக்கதையும் சொல்லாதாம். குழாய்க்குள் மெல்லிய கம்பி ஒன்றை விட்டு, ஒடுக்கத்துக்கு முன்னால் அழுத்தம் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று அளக்க வேண்டுமாம். முன்னால் நூறென்றால் பின்னால் எண்பதுக்கு மேல் இருக்க வேண்டும். இருந்தால் விழுங்குகிற குளிசை போதும். இல்லையென்றால் குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் வைக்க வேண்டும். வைக்காமல் விட்டால் மாரடைப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

எனக்கு இது உடனே விளங்கியது. மல்லாவிப் பக்கத்தில் பத்து வருடம் குளத்து வாய்க்கால் பார்த்தவன் நான். துருசடியில் குளத்துக் கதவை எவ்வளவு திறந்தாலும், கடைசி வயலுக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதுதான் பேச்சு.

ஒரேயொரு கட்டுப்பாடு இருந்தது. அளப்பதற்கு முதல் நாளிலிருந்தே தேத்தண்ணி, கோப்பி தொடக்கூடாது. குடித்தால் அளக்கும்போது ஏற்றுகிற மருந்து சரியாக வேலை செய்யாது, எண் பொய்யாக வரும். என் மனைவி தேயிலைப் பேணியை அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். என்மீது அவ்வளவு நம்பிக்கை!

அளக்கப் போகிற அன்று காலை அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு நிற்க, நான் பஸ் எடுக்க முன்னால் நடந்தேன். வழியில் பக்கத்து வயல்காரன் தன் வீட்டுப் படலையில் நின்றான். என் முறை நாளில் வாய்க்காலைத் தன் பக்கம் திருப்பியவன். மூன்று வருடமாகப் பேச்சில்லை. எதிரே வந்தால் இரண்டு பேரும் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்போம்.

"அண்ணை, கேள்விப்பட்டனான். ஒருக்கா உள்ள வந்திட்டுப் போங்கோ."

மனைவி வந்து சேர்வதற்குள் என்று உள்ளே போனேன். கதிரையைத் துடைத்து விட்டான். அவன் மனைவி இஞ்சித் தேத்தண்ணியோடு குசினியிலிருந்து வந்தாள். எங்கள் ஊரில் கோபக்காரன் வீட்டுத் தேத்தண்ணியைக் குடிக்காவிட்டால் கோபம் இன்னும் தீரவில்லை என்றுதான் அர்த்தம். குடித்தேன். நல்ல கடும் சாயம். "இன்னும் கொஞ்சம்" என்று அவள் ஊற்ற, அதையும் குடித்தேன். அவன் கண் கலங்கியிருந்தான். எனக்கும்தான்.

ஆஸ்பத்திரியில் கம்பி உள்ளே போனது, மருந்தும் ஏறியது.

"ஐயா, நெஞ்சு இறுக்குதோ?"

"ஒண்டுமில்லை" என்றேன் பெருமையாக.

டொக்டர் முகத்தைச் சுளித்தார். "தேத்தண்ணி ஏதும் குடிச்சனீங்களோ?"

"சீச்சீ!"

எண்பத்து மூன்று. குளிசை போதும் என்றார். எண் நல்லதாக வந்ததும் பொய்யும் எனக்கு நல்லதாகவே பட்டது.

வெளியே மனைவி வவுனியாவிலிருக்கும் மகளுக்குப் போன் எடுத்தாள். "அப்பாவுக்கு ஒண்டுமில்லையாம், பிள்ளை." வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தபடி சொன்னாள், "இனி உங்கட மூச்சை எண்ணாமல் படுப்பன்."

நெஞ்சு வலி தொடங்கிய மூன்று மாதமாக எண்ணியிருக்கிறாள், பாவி. எனக்குத் தெரியாது.

முன்பு நீர்ப்பாசன அதிகாரி கடைசி வயலில் தண்ணீர் பார்க்க வருகிற நாளில், மற்ற மடைகளை ஒரு மணித்தியாலம் அடைத்து வைப்போம். வாய்க்கால் நிறைய ஓடும். அவர் திருப்தியாக எழுதிக்கொண்டு போவார். அடுத்த கிழமை அந்த வயல் வெடித்துக் கிடக்கும். அந்தத் தந்திரத்தை நான் இப்போது இவளுக்கே செய்துவிட்டேன்.

"இஞ்சாரும், அந்த எண் பொய்."

"என்ன?"

"காலமை ரெண்டு கோப்பை குடிச்சனான்."

நடு விறாந்தையில், ஆட்கள் பார்க்க, "வெக்கமில்லையோ உங்களுக்கு!" என்று கத்தினாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் டொக்டருக்கு முன்னால் நிறுத்தினாள். அவர் என்னை வார்ட்டில் வைத்துக்கொண்டு, இரண்டு நாள் கழித்துத் திரும்ப அளப்போம் என்றார். அந்த இரண்டு நாளும் மனைவி கட்டிலடியில் காவல்.

மூன்றாம் நாள் காலை வயல்காரன் பஸ் ஏறி வந்துவிட்டான். கையில் பிளாஸ்க்.

"தம்பி, அது உள்ள வரப்படாது!" வாசலிலேயே மறித்தாள். நடந்ததைக் கேட்டவன் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு வாசல் வாங்கிலில் குந்திவிட்டான்.

"அண்ணை, நான் உங்களைக் கொல்லப் பாத்திட்டன்."

"போடா விசரா, நான் அப்பிடி லேசில சாகமாட்டன்" என்றேன். சொல்லிவிட்டுக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

இந்த முறை மருந்து ஏறியதும் நெஞ்சில் உழவு மெசின் ஏறி நின்றது.

"இறுக்குதோ, ஐயா?"

"ஐயோ, இறுக்குது!"

"நல்லது" என்றார் டொக்டர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவேயில்லை. திட்டத்தான் மூச்சு வரவில்லை.

எழுபத்தாறு. அந்த இடத்திலேயே ஸ்டென்ட் வைத்தார்கள்.

வார்ட்டுக்குக் கொண்டுவந்ததும் மனைவி குனிந்து கேட்டாள். "எத்தினை?"

"எழுபத்தாறு. அதாலதான் ஸ்டென்ட் வைச்சவை."

"உண்மையாவோ?"

"சத்தியமா."

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "தம்பி, இனிப் பிளாஸ்க்கைக் கொண்டு வாங்கோ" என்றாள்.

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. மூன்று பேரும் குடித்தோம். அவன் பஸ்ஸுக்குப் போன பிறகு, மனைவி கதிரையில் இருந்தபடியே உறங்கிப்போனாள். பட்டப்பகலில், வாய் திறந்து, வார்ட்டே கேட்கக் குறட்டை. நான் படுத்தபடி அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.