பொன்னம்மா ரீச்சர் பிடுங்கிய கிடுகு

பொன்னம்மா ரீச்சர் காய்ச்சலில் போய்விட்டார் என்ற செய்தி எனக்குச் சாவகச்சேரிச் சந்தையில் கிடைத்தது. சொன்னவர் அவருடைய பெயரைச் சொல்லவில்லை. "உங்கடை பள்ளிக்கூடத்துக் கரப்பான் ரீச்சர்" என்றார். அவரோடு படிப்பித்த உங்களில் பலரும் அப்படித்தான் சொன்னீர்கள். அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்களும் இதை வாசிப்பீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

சிறு வயது முதல் அவர் கைகளில் கரப்பான் என்ற தோல்நோய். அதை மறைக்க அவர் நீளக்கை சட்டை போட்டதில்லை. பள்ளியில் படிப்பிக்கச் சேர்ந்த அன்று நான் அந்தக் கைகளை முறைத்துப் பார்த்தேன். "வடிவாப் பாத்து முடியுங்கோ தம்பி, பிறகு பாடத்தைக் கதைப்பம்" என்றார்.

சென்ற ஆண்டு ஊர் அதிகாரியான விதானையாரின் மகள் தெய்வானைக்கும் அதே நோய் வந்தது. தோல் சுத்தமாகும்வரை பள்ளிக்கூடம் இல்லை என்று வீட்டார் அவளை உள்ளறையில் அடைத்தார்கள். ரீச்சர் ஆஸ்பத்திரி டாக்குத்தரிடம் விசாரித்தார். வெயில் பட்டால் உடம்பிலே விற்றமின் டி உண்டாகும், மீனெண்ணெயிலும் அது உண்டு, சிலருக்குக் கரப்பான் தணியலாம், நிச்சயமில்லை என்றார் அவர். கொழும்புத்துறையில் சுறா ஈரல் எண்ணெய் வாங்கிக்கொண்டு ரீச்சர் விதானையார் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

விதானையார் சைவம். "சுறாவின்ரை ஈரல் இந்தப் படி ஏறாது" என்றார்.

"அப்ப வெயிலாவது ஏறட்டும்" என்றார் ரீச்சர்.

காலை வெயிலில் பிள்ளையை வீட்டுக்குப் பின்னால், கோடியில் இருத்த அவர் சம்மதித்தார். சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தோம். அயலார் கண்ணில் மகள் படக்கூடாதென்று கிழக்கு வேலிக்கு மேலே இன்னொரு வரிசை தென்னோலைக் கிடுகு கட்டியிருந்தார். பிள்ளை அந்த நிழலில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தாள். ரீச்சர் உரலைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி, கட்டுகளை அறுத்துக் கிடுகுகளைப் பிடுங்கி எறிந்தார்.

"ஊர் பாக்குமெல்லோ, ரீச்சர்?" என்றார் விதானையார்.

"பாக்கட்டும். என்னைப் பாத்த ஊர் இன்னும் உயிரோடைதான் இருக்குது."

வெயிலில் இருந்த தெய்வானை சிரித்துவிட்டாள்.

இது சுகமாக்குமா என்று வழியில் கேட்டேன். "வெயில் மருந்தெண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன். இருட்டு மருந்தில்லை. அதுக்குப் பண்ணுவன்."

தெய்வானைக்குக் கழுத்தில் தணிந்தது, முழங்கைகளில் தணியவில்லை. அது தணியும்வரை காத்திராமல், ரீச்சரே அவளைக் கூட்டிவந்து வகுப்பின் முன் வாங்கில் இருத்தினார்.

செத்தவீட்டுக்கு மறுநாள் விதானையார் பள்ளிக்கு வந்து, பதிவிலிருந்து மகளின் பெயரை வெட்டச் சொன்னார். "ரீச்சரும் போயிட்டா. இனி ஆர் கேக்கப் போகினம்?"

"நான் கேப்பன்" என்றேன். பொடியன் கதை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய பிடிவாதம்தான். தெய்வானை இன்றும் பள்ளிக்கு வரவில்லை. நாளைக் காலை விதானையார் வீட்டுப் படலைக்குப் போகிறேன். இரங்கற் கூட்டம் வைக்க நினைப்பவர்கள் அங்கே வந்து என்னோடு நில்லுங்கள்.