ஒல்லியாகத் தெரிந்த மணப்பெண்கள்

மலைமேல் செம்மேட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடி அறையில் கோகிலா வீடியோ கடை வைத்திருந்தாள். மணப்பெண்ணுக்குச் சேலை கட்டும் அறைக்குள் ஆண் கேமராக்காரன் போக முடியாது, கோகிலா போவாள். அதனாலேயே வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று மலையில் எங்கே கல்யாணம் நடந்தாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

படம் எடுப்பது அவள். வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, டிஸ்கில் எழுதித் தருவது மலைக்குக் கீழே ராசிபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த மைதிலி. இருவரும் ஒன்றாக வீடியோ பயிற்சிக்குப் போனவர்கள். கோகிலாவின் அப்பா இறந்தபோது, கொட்டுகிற மழையில் முதல் பஸ் பிடித்து மலையேறி வந்து, பதினாறாம் நாள் வரைக்கும் கூடவே இருந்தவள் மைதிலி.

அகலத்திரைக் கேமரா வந்த பிறகுதான் வம்பு தொடங்கியது. மலையில் பாதி வீடுகளில் அரசு கொடுத்த பெட்டி டிவி. அதில் கோகிலாவின் டிஸ்கைப் போட்டால், இரண்டு பக்கமும் அமுக்கி மேலே இழுத்துவிட்டதுபோல ஆட்களெல்லாம் நெட்டையாய், ஒல்லியாய்த் தெரிந்தார்கள். மைதிலிக்குப் போன் போட்டாள்.

“இங்க என்ற டிவியில நல்லாத்தானே தெரியுது. டிஸ்குல ஒண்ணுமில்ல, அங்க டிவியிலதான் கோளாறு. ரிமோட்டுல செட்டிங் மாத்திக் குடு.”

மைதிலி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கோகிலா வீடு வீடாகப் போனாள். சில டிவிகளில் படத்தின் உயரத்தைச் சுருக்கும் வசதி இருந்தது. அதை மாற்றினால் டிஸ்க் சரியாகிவிடும். ஆனால் சாயங்காலம் சீரியலில் வருகிறவர்களெல்லாம் குள்ளமாகிவிடுவார்கள். மறுபடியும் அவளைத் தேடி ஆள் வரும். மைதிலிக்கு இரண்டாம் தடவை போன் போட்டும் அதே பதில்தான் வந்தது. அந்த வசதியே இல்லாத டிவிகளுக்கு அவளிடம் ஒரே பதில்தான்: “இந்த டிவிக்கு அவ்வளவுதானுங்க. அகல டிவி வாங்குனாத்தான் சரியாகும்.” அந்தப் பேச்சை நம்பி அண்ணாமலை என்ற விவசாயி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிவியை மூலையில் ஒதுக்கிவிட்டு, அந்த வருஷத்து மிளகை விற்றுப் புதுசு வாங்கினார்.

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. ஒரு தை மாதம், கருப்பண்ணன் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவர் மகள் பூங்குழலியின் கல்யாண டிஸ்க்தான். கோகிலா போனபோது தாய் பாவாயியின் முகமே சரியில்லை.

“ஏன் கண்ணு, என்ற புள்ள இப்பிடியா நோஞ்சானாட்டம் இருந்தா? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க, சோறு போடாம வளத்தோமுன்னு சொல்ல மாட்டாங்களா?”

கோகிலா வழக்கம்போல டிவியைக் குறை சொன்னாள். பாவாயி இன்னொரு டிஸ்கைக் கொண்டுவந்து போட்டாள். மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் மாப்பிள்ளை வீட்டார் வைத்த வரவேற்பு அது. அதே டிவி, அதே பிளேயர். ரிமோட்டை யாரும் தொடவில்லை. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து, நடுவில் பூங்குழலி தன் உருண்டை முகத்தோடு சிரித்தாள். டிஸ்கின் மேல் மைதிலியின் ஸ்டுடியோ பெயர் இருந்தது.

இரண்டு டிஸ்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸிலேயே கோகிலா ராசிபுரம் இறங்கினாள்.

டிஸ்குகளைப் பார்த்ததும் மைதிலிக்குப் புரிந்துவிட்டது. மறைக்கவில்லை.

“டிஸ்க் எழுதறப்ப, இது அகலப்படம்னு ஒரு எடத்துல குறிக்கோணும். அப்பத்தான் பிளேயர் அந்தந்த டிவிக்குத் தக்கன காட்டும். உனக்குன்னு கம்ப்யூட்டர்ல நான் வெச்சிருந்த பழைய அமைப்புல அது விட்டுப்போச்சு.”

“எப்பத் தெரியும் உனக்கு?”

மைதிலி மவுஸைச் சும்மா நகர்த்திக்கொண்டிருந்தாள். “நீ ரெண்டாந்தடவ போன் பண்ணுனியே, அப்பவே.”

“முள்ளுக்குறிச்சிக்கு மட்டும் சரியா எழுதியிருக்கறே.”

“கீழ இருக்கறவங்க வாசல்ல வந்து நின்னு சத்தம் போடுவாங்க கோகிலா. மேல யாரு அப்பிடிக் கேக்கறாங்க? நீதான் ஊடு ஊடாப் போய்ச் சமாளிச்சுட்டு இருந்தியே. தப்புன்னு ஒத்துக்கிட்டா அத்தனையும் திரும்ப எழுதோணும். அதான் விட்டுட்டேன்.”

கோகிலாவுக்கு அழுகை வரவில்லை. அண்ணாமலை வீட்டு மூலையில் துணி போர்த்திக் கிடந்த டிவிதான் கண்ணில் நின்றது. பொய் மைதிலியுடையது, அதைச் சுமந்துபோய்த் தன் சனங்களிடமே சொன்னது தன் வாய்.

“நானும் மேல இருக்கறவதான், மைதிலி,” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

செம்மேட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த முருகானந்தம், பழைய டிஸ்கையே ஏற்றி அந்த ஒரு குறியை மட்டும் மாற்றி எழுதச் சொல்லிக்கொடுத்தார். ஒரு டிஸ்குக்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. அதுதான் அவளை மிகவும் வதைத்தது. பெரிய வேலையாக இருந்திருந்தாலாவது மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

புது டிஸ்குகளோடு மறுபடியும் வீடு வீடாக ஏறி இறங்கினாள். தான் மாற்றிவைத்த டிவிகளைப் பழையபடி திருப்பினாள். “தப்பு டிஸ்குலதானுங்க, உங்க டிவியில இல்ல. தெரியாமச் சொல்லிட்டேன்,” என்றாள். சிலர் சிரித்து விட்டுவிட்டார்கள். சிலர் அடுத்த கல்யாணத்துக்கு நாமக்கல்லிலிருந்து ஆள் கூப்பிட்டுக்கொண்டார்கள். பாவாயி மட்டும் படத்தை இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தாள்.

அண்ணாமலை மூலையில் கிடந்த பழைய டிவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “உன்னய நம்பித்தான் சாமி வாங்குனேன்,” என்றார். மைதிலியிடம் தான் சொல்லியிருக்க வேண்டியதும் அதுதான் என்று, திரும்பி நடக்கும்போது கோகிலாவுக்குத் தோன்றியது.

ஆடி கழிந்து மைதிலியே செம்மேட்டுக்கு வந்தாள். கையில் தம்பியின் கல்யாணப் பத்திரிகை.

“வாங்க, உக்காருங்க,” என்றாள் கோகிலா.

மைதிலி நின்றபடியே பார்த்தாள். “என்ன புள்ள, வாங்க போங்கங்கறே? நீதான் வந்து எடுக்கோணும்.”

“அன்னைக்கு இங்க ஒரு காதுகுத்து இருக்குதுங்க. வேற ஆளப் பாத்துக்கங்க.”

காதுகுத்து இருந்தது உண்மைதான். மைதிலி பத்திரிகையை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். அவள் பஸ் ஏறும்வரை கோகிலா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை.